கென் கிரிஃபி ஜூனியர்: 2001 முதல் 2004 வரை அடிபட்டது பேட்டா, காலா?

சியாட்டில்24

அமெரிக்க பேஸ்பால் வீரர் கிரிஃபி ஜூனியரின் பேட்டிங் அட்டவணையில் 1996ல் இருந்து 2000 வரை பாருங்கள்: 49, 56, 56, 48, 40. ஐந்து சீசனில் 249 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டும் அடி). 2000 முடியும்போது மொத்தம் 438, வயது 31 இன்னும் நிரம்பவில்லை. அடுத்த நான்கு வரி: 22, 8, 13, 20. நான்கையும் கூட்டினால் 63. 1997ல் ஒரே வருஷத்தில் அடித்ததைவிட ஏழுதான் கூடுதல்.

காயங்கள்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது தெரிந்ததே. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த கட்டம்.

ஒன்று, காயம் அவருடைய அடிக்கும் பலத்தைக் குறைத்ததா, ஆடிய நாட்களை மட்டும் தின்றதா? எண்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியுமா?

இரண்டு, சியாட்டிலின் கிங்டோம் மைதானத்தில் பத்து வருஷத்துக்கு மேல் செயற்கைப் புல்லில் ஓடியதுதான் கால்களைக் கெடுத்தது என்று அடிக்கடி படிக்கிறேன். அது எவ்வளவு தூரம் நிற்கும்?

மூன்று, முழு உடல்நலத்தோடு ஆடியிருந்தால் ஹாங்க் ஆரனின் 755 ஹோம் ரன்னைத் தொட்டிருப்பாரா? "கண்டிப்பாக", "வாய்ப்பே இல்லை" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு. ஹோம் ரன் எண்ணிக்கையை அப்படியே பார்த்தால் ஏமாந்துபோவோம். முதலில் ஆட்டங்களை எண்ணுங்கள். 2001ல் 111, 2002ல் 70, 2003ல் 53, 2004ல் 83. நான்கு சீசனின் 648 ஆட்டங்களில் 317. பாதிக்கும் மேல் வெளியே உட்கார்ந்திருக்கிறார்.

ஆட்டக் கணக்கும் போதாது. 2001 தொடக்கத்தில் கால் சரியில்லாமல் பிஞ்ச் ஹிட்டராக (இன்னொருவருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வருபவர்) இறங்கிய நாட்கள் உண்டு. ஒரே ஒரு முறை பேட் பிடித்தாலும் அட்டவணையில் அது ஒரு முழு ஆட்டம். அதனால் எத்தனை அட்-பேட்டுக்கு (அடிக்க இறங்கியதில் கணக்கில் சேரும் முறைகளுக்கு) ஒரு ஹோம் ரன் என்று வகுத்துப் பார்ப்பதுதான் சரி.

1996–2000: 2,912 அட்-பேட், 249 ஹோம் ரன். 11.7க்கு ஒன்று.
2001–2004: 1,027 அட்-பேட், 63 ஹோம் ரன். 16.3க்கு ஒன்று.

இதோடு நிறுத்தினால் "பலமும் போய்விட்டது" என்று தோன்றும். வருஷவாரியாகப் பிரியுங்கள். 2001ல் 16.5, 2002ல் 24.6, 2003ல் 12.8, 2004ல் 15.0. உண்மையில் படுத்துவிட்டது 2002 மட்டும்தான். 2003ஐப் பாருங்கள்: நல்ல உடம்போடு ஆடிய 2000ல் 13.0க்கு ஒன்று, தோள் நழுவிப்போய்த் திரும்பி வந்த 2003ல் 12.8க்கு ஒன்று. அந்த வருஷம் 166 அட்-பேட்தான், அதை மட்டும் வைத்துப் பெரிதாகப் பேசக்கூடாது. ஆனால் 2005ல் 491 அட்-பேட், 35 ஹோம் ரன், 14.0க்கு ஒன்று. இது சின்ன எண்ணிக்கை இல்லை.

எனக்கு இன்னும் உறுதியான சான்றாகப் படுவது ஸ்லக்கிங் சதவீதம், அதாவது அடித்து எடுத்த மொத்த பேஸ்களை அட்-பேட்டால் வகுத்தது. சியாட்டிலை விட்டுப் போகும் முன் கடைசி வருஷமான 1999ல் .576. 2000ல் மாறிப்போன சின்சினாட்டி அணியில் நான்கு வருஷ நாசத்துக்குப் பிறகு, 35 வயதில், 2005ல் அதே .576. ஒரு புள்ளிகூட மாறவில்லை. அந்த வருஷம் நேஷனல் லீக்கின் கம்பேக் வீரர் (மீண்டு வந்தவர்) விருது அவருக்குத்தான். சீசன் முடிவில் மொத்தம் 536, மிக்கி மேன்டிலின் எண்ணிக்கைக்குச் சரியாகச் சமம். முழங்காலோடு வாழ்நாள் முழுக்கப் போராடிய இன்னொரு சென்டர் ஃபீல்டர் (வெளிக்களத்தின் நடுவில் நிற்பவர்) அவர்.

கால் போனது எங்கே தெரிகிறது என்றால், திருடிய பேஸ்களில், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்ததில். 1998ல் 20, 1999ல் 24. 2000ல் ஆறு. 2001 முதல் 2006 வரை ஆறு சீசனையும் சேர்த்து ஐந்து. பேட் திரும்பி வந்தது, ஓட்டம் வரவில்லை.

755 கணக்கைத் தனியாகப் போடுகிறேன், அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

தசைநார்

கணக்குப்பிள்ளை சொன்னதை உடற்கூறு பக்கத்தில் இருந்து பார்க்கலாம். முதலில் காயங்களை வரிசைப்படுத்துகிறேன்.

2001: வசந்தகாலப் பயிற்சியில் இடது ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்பக்கத் தசை). ஏப்ரல் கடைசியில் காயமடைந்தவர் பட்டியலில் போட்டார்கள், ஜூன் நடுவில்தான் திரும்பினார். 2002 ஏப்ரல்: பேஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடிய ரன்-டவுனில் வலது முட்டியின் பட்டெல்லா (முட்டிச்சில்லு) தசைநார் கிழிந்தது. 2003 ஏப்ரல்: பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்து வலது தோள் நழுவியது. 2003 ஜூலை: வலது கணுக்கால் தசைநார் அறுந்தது, சீசன் முடிந்தது. 2004 ஜூலை: வலது ஹாம்ஸ்ட்ரிங் பாதி கிழிந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்பியவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பந்துக்குப் பாய்ந்தபோது அது முழுக்க அறுந்தது.

இந்தப் பட்டியலில் எதுவுமே பேட்டை வீசும்போது வந்தது இல்லை. ஓடும்போது, திரும்பும்போது, பாயும்போது வந்தவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2002 முட்டி, 2003 கணுக்கால், 2004 ஹாம்ஸ்ட்ரிங், மூன்றும் வலது கால். கிரிஃபி இடதுகையால் பேட் பிடிப்பவர், இடதுகையால் எறிபவர். இடதுகை பேட்டருக்கு வலது கால்தான் முன்கால். இடுப்பு சுழன்று வரும்போது அந்த வேகத்தையெல்லாம் தடுத்து நிறுத்தி பேட்டுக்குள் தள்ளுவது அந்தக் கால்தான். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றி உடம்பை நிறுத்துகிற அதே வேலை. எறியும்போதும் அவர் வலது காலில்தான் இறங்குவார். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பயிற்சி ஸ்விங், எறிதல் எல்லாவற்றுக்கும் பிரேக் பிடிப்பது ஒரே கால். அதோடு, முதல் வருஷம் இடது தொடை கெட்டபின் அடுத்த மூன்றும் வலதில் வந்திருக்கிறது. வலிக்கும் காலைக் காப்பாற்ற மற்றக் காலில் பாரம் ஏற்றி ஓடும் பழக்கத்தை மருத்துவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இதுதான். இவருக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், வரிசை அதோடு ஒத்துப்போகிறது.

ஹாம்ஸ்ட்ரிங் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொடையின் பின்பக்கம் மூன்று தசைகள், மேலே மூன்றும் உட்காரும் எலும்பில் ஒட்டியிருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்பட்டு, தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில். லேசான கிழிசல் ஒன்றிலிருந்து மூன்று வாரம். பாதி கிழிந்தால் நான்கிலிருந்து எட்டு வாரம். சிக்கல் என்னவென்றால் வலி சீக்கிரம் போய்விடும், நீண்ட நிலையில் பிடிக்கும் பலம் மெதுவாகத்தான் வரும். நேர்கோட்டில் மெல்ல ஓடிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் பேஸைச் சுற்றி வளைந்து ஓடும்போதும், சென்டர் ஃபீல்டில் நின்ற இடத்தில் இருந்து ஒரே எட்டில் பாயும்போதும்தான் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்திருப்பதுதான் மறுபடி கிழிவதற்கான மிகப் பெரிய முன்னறிகுறி.

அதனால் இன்று திரும்பி விடுவதற்கு முன் பார்ப்பது: இரண்டு கால் பலத்துக்கும் பத்து சதவீதத்துக்குள்தான் வித்தியாசமா, முழு வேக ஓட்டங்களைத் தொடர்ந்து பலமுறை வலியில்லாமல் முடிக்கிறாரா, வளைவில் ஓடுகிறாரா. முட்டிபோட்டு நின்று, யாராவது கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சி இப்போது எல்லா விளையாட்டிலும் உண்டு. தசை நீண்டுகொண்டே பலம் கொடுக்கப் பழகுவது அதில்தான்.

2004ல் நடந்தது வேறு ரகம். முழுக்க அறுந்த தொடைத்தசையை மூன்று திருகாணி வைத்து எலும்போடு மறுபடி பொருத்தினார்கள். அந்தக் காலத்தில் பேஸ்பால் வீரர் ஒருவருக்கு அது துணிச்சலான அறுவை. அதற்குப் பிறகு முதல் ஆறு வாரம் தசையை நீட்டவே கூடாது. ஓட்டம் நான்காம் மாதம் வாக்கில். முழு ஆட்டம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். ஆகஸ்டில் அறுந்து அடுத்த ஏப்ரலில் களம் இறங்கினார், எட்டு மாதம். அந்தக் காலோடுதான் 2005ல் 35 ஹோம் ரன். ஒட்டிய இடம் பிடித்தது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை வேண்டாம்.

பழையமைதானம்

செயற்கைப் புல் பற்றி. கிங்டோமின் தளம் கான்கிரீட்டின் மேல் விரித்த மெல்லிய கம்பளம் மாதிரிதான், அதில் 1989ல் இருந்து 1999 ஜூன் வரை ஆடினார். அது முட்டிக்கும் கணுக்காலுக்கும் நல்லதில்லை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். 1999 ஜூலையில் இயற்கைப் புல்லோடு சேஃப்கோ ஃபீல்ட் திறந்தாயிற்று. 2000ல் சின்சினாட்டியின் சினர்ஜி ஃபீல்டில் ஒரு வருஷம் செயற்கைப் புல், 2001ல் அங்கேயும் இயற்கைப் புல் போட்டுவிட்டார்கள். 2003ல் திறந்த புது மைதானமும் புல்தான். அவரை உடைத்த சம்பவங்கள் செயற்கைப் புல்லை விட்டு வந்த பிறகு வந்தவை. பழைய தேய்மானம் உள்ளே இருந்திருக்கலாம், அந்த ஒன்றின் மேல் முழுப் பழியையும் போட முடியாது.

யாரும் பேசாத விஷயம் லீக் மாற்றம். சியாட்டில் அமெரிக்கன் லீக், அங்கே டிஎச் உண்டு: ஃபீல்டிங் செய்யாமல் பேட் மட்டும் பிடிக்கலாம். 2000 பிப்ரவரியில் அவர் போனது நேஷனல் லீக். அங்கே நிரந்தரமாக டிஎச் வந்தது 2022ல்தான். சியாட்டிலில் அந்த இடத்தில் எட்கர் மார்ட்டினெஸ் இருந்தார், உண்மைதான். ஆனாலும் தொடை லேசாகப் பிடிக்கும் வாரத்தில் நான்கு நாள் டிஎச்சாக இறக்கும் வழி அங்கே இருந்தது. சின்சினாட்டியில் ஒன்று சென்டர் ஃபீல்டில் முழுதாக ஓட வேண்டும், அல்லது பெஞ்சில் உட்கார வேண்டும். 31 வயதுக்குப் பிறகு, சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதைப் பத்து முறை வாங்கிய, சுவரைப் பார்த்து வேகம் குறைக்கத் தெரியாத ஒருவருக்கு அந்த அமைப்பு மிகவும் மோசம். அவரை ரைட் ஃபீல்டுக்கு மாற்றியது 2007ல். அந்த வருஷம் 144 ஆட்டம், 30 ஹோம் ரன், ஆறு பேஸ் திருட்டு. 2000க்குப் பிறகு அவர் ஆடிய அதிகபட்ச ஆட்டங்கள் அதுதான். மூன்று வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சியாட்டில்24

நன்றி, லீக் மாற்றத்தை நான் யோசிக்கவே இல்லை. தசைநார், ஒரு சந்தேகம். கால் காயங்கள் ஸ்விங்கில் வரவில்லை, சரி. ஆனால் சியாட்டில் நாட்களில் கையிலேயே இரண்டு காயம்: 1995ல் மணிக்கட்டு, 1996ல் ஹாமேட் எலும்பு. பவர் ஹிட்டருக்குக் கை போனால் எல்லாம் போச்சு என்பார்கள். 1996ல் எப்படி 49 அடித்தார்?

தசைநார்

இரண்டும் வெவ்வேறு கை, வெவ்வேறு வேலை.

1995 மே 26ல் கிங்டோமின் சுவரில் மோதிப் பந்தைப் பிடித்தபோது உடைந்தது இடது மணிக்கட்டு. ஒரு உலோகத் தகடும் ஏழு திருகாணியும் போட்டார்கள். 73 ஆட்டம் போனது. இடதுகை பேட்டருக்கு இடது கை மேல்கை. பந்தை அடித்த பிறகு பேட்டை உருட்டிக் கொண்டுபோகும் கை அது. ஆகஸ்டில் திரும்பினார், அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு எதிரான ஐந்து ஆட்டத் தொடரில் ஐந்து ஹோம் ரன். தகடு உள்ளே இருக்கும்போதே.

1996 ஜூனில் உடைந்தது வலது கையின் ஹாமேட், அது கீழ்க்கை. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடிமேட்டில் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்பு. பேட்டின் அடிக்குமிழ் சரியாக அந்த இடத்தில் உட்காரும். வேகமாகச் சுழற்றி நிறுத்தும்போது குமிழ் கொக்கியை நெம்பும். ஒரே ஸ்விங்கில் உடையலாம், பல மாதம் நெம்பி நெம்பி விரிசல் விட்டும் உடையலாம். கீழ்க்கைச் சுண்டுவிரலைக் குமிழுக்கு வெளியே தொங்கவிட்டுப் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் இப்போது குமிழைச் சரிவாகச் செதுக்கிய, கோடரிப் பிடி மாதிரியான பேட்டுகள் வந்திருக்கின்றன.

பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது சீக்கிரம் சரியாகும். கொக்கிக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டவைக்க முயன்றால் ஒட்டாது. எனவே உடைந்த துண்டையே எடுத்துவிடுவார்கள். எலும்பு கூடுவதற்குக் காத்திருக்க வேண்டாம், தோல் ஆறி, பிடிபலம் வந்தால் போதும். நான்கிலிருந்து எட்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. கிரிஃபி இருபது ஆட்டம் அளவில் முடித்துவிட்டார். தவறு நடப்பது எங்கே என்றால், சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போய் "சுளுக்கு" என்று விட்டுவிடும்போது. ஒரு கோணத்தில் வைத்து எடுத்த எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். உடைந்த கொக்கியின் கூர்முனையில் சுண்டுவிரல் தசைநார் உராய்ந்து உராய்ந்து அறுந்துபோன ஆட்களும் உண்டு.

ஹாமேட் போனால் ஆறு மாதம் பவர் வராது என்ற பேச்சுக்கு 1996 நேரடி மறுப்பு: 140 ஆட்டம், 49 ஹோம் ரன், 140 ஆர்பிஐ (அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்கள்).

கணக்குப்பிள்ளை

755க்கு வருகிறேன். அடிப்படை 630, ஆடிய காலம் முழுக்க அவர் உண்மையில் அடித்தது. ஆடாமல் போன ஆட்டங்களை நான்கு பொட்டலமாகக் கட்டுகிறேன்.

1994 வீரர்கள் வேலைநிறுத்தம். காயம் இல்லை, ஆனால் விட முடியாது. 111 ஆட்டத்தில் 40 அடித்திருந்தார், சியாட்டிலுக்கு இன்னும் 50 ஆட்டம் பாக்கி. அதே வேகத்தில் 18.
1995 மணிக்கட்டு. 72 ஆட்டத்தில் 17, போனது 73. இன்னொரு 17.
2005, 2006. இரண்டிலும் சேர்த்து 237 ஆட்டத்தில் 62. வருஷத்துக்கு 150 ஆடியிருந்தால் இன்னும் 63 ஆட்டம், 16 ஹோம் ரன்.

இது வரை 681. மிச்சம் 2001–2004. வருஷத்துக்கு 150 என்றால் 600, அவர் ஆடியது 317, கூடுதலாக 283 ஆட்டம். அந்த நான்கு வருஷத்தில் அவரே அடித்த விகிதம் ஆட்டத்துக்கு 0.199. அதைப் போட்டால் 56, மொத்தம் 737. ஆனால் அது நொண்டிக்கொண்டு ஆடியபோது வந்த விகிதம், பிஞ்ச் ஹிட் நாட்களும் சேர்ந்தது. 1996–2000 விகிதம் 0.326. அதைப் போட்டால் 92, மொத்தம் 773. ஆரனையும் தாண்டி, ஆரனை முந்திய பாரி பான்ட்ஸின் 762ஐயும் தாண்டிவிடும்.

உண்மை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் எங்கேயோ.

பழையமைதானம்

150 அதிகம். 31 முதல் 36 வயது வரை சென்டர் ஃபீல்டில் நிற்பவர் காயமே இல்லாவிட்டாலும் ஓய்வு நாட்கள் எடுப்பார். 140 வைத்துப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

சரியான ஆட்சேபம். 140 வைத்தால் 2001–2004ல் கூடுதல் 243 ஆட்டம், 2005–2006ல் 43. குறைந்த விகிதத்தில் 48ம் 11ம், மொத்தம் 724. உச்ச விகிதத்தில் 79ம் 11ம். 630, 18, 17, 11, 79. கூட்டிப் பாருங்கள், சரியாக 755.

அதாவது ஆரனைத் தொட, நான்கு வருஷமும் 140 ஆட்டம் ஆடி, 26ல் இருந்து 30 வயது வரை அடித்த அதே வேகத்தை 34 வரை கொண்டுபோயிருக்க வேண்டும். 2000லேயே வேகம் கொஞ்சம் இறங்கத் தொடங்கியிருந்தது (1998ல் 11.3க்கு ஒன்று, 1999ல் 12.6, 2000ல் 13.0), அதனால் என் கை 720–740 பக்கமே சாய்கிறது. 700ஐ அவர் தாண்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சியாட்டில்24

இதுதான் வேண்டியிருந்தது. கடைசியாக ஒன்று: அத்தனை அறுவைக்குப் பிறகு 2008ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை மறுபடி சென்டர் ஃபீல்டில் நிறுத்தியது ஏன்?

பழையமைதானம்

அங்கே வேறு நல்ல ஆள் இல்லாமல்தான். 38 வயது, எட்டும் தூரம் பழைய தூரம் இல்லை, பேட்டும் இறங்கிவிட்டது, சிகாகோவில் 41 ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன். ஆனால் கை போகவில்லை. செப்டம்பர் 30, மினசோட்டாவோடு பிரிவுப் பட்டத்துக்கான ஒற்றை ஆட்டம், ஐந்தாம் இன்னிங்ஸ், ஸ்கோர் 0–0, மூன்றாம் பேஸில் மினசோட்டாவின் மைக்கேல் கடையர். சென்டருக்கு ஆழமில்லாத ஃப்ளை (உயரே போன அடி). கிரிஃபி முன்னால் வந்து பிடித்து ஹோமுக்கு எறிந்தார், கடையர் அவுட். ஒயிட் சாக்ஸ் 1–0 என்று ஜெயித்தது. எறிந்து முடித்து அவர் இறங்கியது அந்த வலது காலில்தான்.